குணவதி நிறுத்திய தண்ணீர்

குணவதிக்கு இந்த உலகத்தில் பொறுக்கமுடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அது சும்மா ஓடுகிற தண்ணீர். பசியைப் பொறுப்பாள், குளிரைப் பொறுப்பாள், தம்பி அன்புராசா விடுகிற குறட்டையையும் பொறுப்பாள். வீட்டில் எங்காவது ஒரு பைப் ஒழுகினால் மட்டும் அவளுக்கு நித்திரை வராது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசியில் அவள் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது தம்பி குடும்பம் வெக்ஸ்போர்ட்டில் ஒன்பதாம் மாடியில் இருந்தது. அந்த விண்டர் முழுவதும் அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது வழியிலேயே தாயைப் பறிகொடுத்தவள். ஐம்பது வயது வரை அந்தத் தாயோடு ஒட்டியே வாழ்ந்த, கலியாணமாகாத மகள். "ஏன் கதைக்கிறாய் இல்லை" என்று அவளிடம் யார் போய்க் கேட்பது? சாப்பாட்டுக்கு வருவாள், நாலு வாய் தின்பாள், திரும்பப் போய்விடுவாள்.

அந்த ஆறு மாதத்தில் அவள் வாய் திறந்து சொன்னது அனேகமாக ஒரே வசனம்தான்: "பைப்பைப் பூட்டுங்கோ." பல் தீட்டுகிற தம்பி மகள் நிலாணிக்கும் அதைத்தான் சொன்னாள், சட்டி கழுவுகிற தம்பி மனைவி ஜெயமலருக்கும் அதைத்தான் சொன்னாள். விருந்துக்கு வந்து கை கழுவியவர்களையும் விட்டுவைக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை வீணாக்க மனம் வராமல் பல்கனியில் இருந்த கற்பூரவள்ளிச் சட்டிக்கு ஊற்றுவாள். கற்பூரவள்ளி கார்த்திகையிலேயே செத்துவிட்டது. அவள் மாசி மட்டும் ஊற்றினாள். சட்டியில் ஒரு ஐஸ் மலை வளர்ந்து நின்றது.

அவளைக் குற்றம் சொல்லக்கூடாது. அவர்களுடைய தோட்டத்துக்கு ஊரில் பங்குக் கிணறு. ஐந்து குடும்பத்துக்கு ஒரு கிணறு, ஆளுக்கு ஒருநாள் முறை. பாத்தி நிரம்பிய பிறகும் இறைப்பு மிசினை ஓடவிடுகிறவன் அடுத்த வீட்டுக்காரனுடைய தண்ணீரைக் களவெடுக்கிறவன் என்பதுதான் அங்கே சட்டம். சின்ன வயதில் ஒருநாள் அன்புராசா மிசினை ஓடவிட்டுவிட்டுப் பட்டம் ஏற்றப் போய்விட்டான். அக்கா முறுக்கிய முறுக்கில் அவனுடைய இடது காது மூன்று நாள் சிவந்திருந்தது. அந்தக் காதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

மறு வருடம் சித்திரையில் அன்புராசாவுக்கு ஒரு விசர் பிடித்தது. ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் அலெக்ஸாண்டர் என்ற வெள்ளைக்காரக் கிழவர் தன்னுடைய பழைய வீடு ஒன்றையும் ஐந்து ஏக்கர் காணியையும் குத்தகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டான். கிழவருடைய பிள்ளைகள் ஒருவருக்கும் தோட்டம் வேண்டாமாம். "கனடாவுக்கு வந்தும் மண்வெட்டியோ?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அவன் கேட்கவில்லை. காலையில் தோட்டம், பின்னேரம் நாலு மணி தொடக்கம் நடுச்சாமம் வரைக்கும் மார்க்கத்தில் தொழிற்சாலை என்று திட்டம் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு பெயர்ந்துவிட்டான். ஜெயமலர் யாழ்ப்பாணம் ரவுணில் பிறந்து வளர்ந்து ரைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தவள். மண்வெட்டியில் எந்தப் பக்கம் பிடி என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

குணவதி புது வீட்டுக்கு வந்தாள், புது அறைக்குள் போனாள், புதுக் கதவையும் சாத்தினாள். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது; அன்புராசா நட்ட வெங்காயமும் முளைத்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஜெயமலர் அந்தக் கதவைத் தட்டினாள். முழங்கை வரைக்கும் சேறு, கையில் ஒரு பிடி பச்சை.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. உதுக்குள்ளை எது புல்லு, எது வெங்காயம்?"

குணவதி எட்டிப் பார்த்தாள். அவ்வளவும் வெங்காயம்.

"ஐயோ பிள்ளை! எவ்வளவு பிடுங்கினனீர்?"

"ரெண்டு வரிசை முடிஞ்சுது."

குணவதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள்தான். அன்றைக்கு அவள் உள்ளே போனது இரவு ஒன்பது மணிக்கு. இந்த நாட்டில் அந்த மாதங்களில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். புல்லுப் பிடுங்குகிறவளுக்கு இதைவிட நல்ல நாடு எங்கே கிடைக்கும்? அதற்குப் பிறகு அந்த அறைக் கதவு பகலில் சாத்திக் கிடந்ததே இல்லை. கதவைத் தட்டிய அந்தச் சேற்றுக் கையை நினைத்துக் குணவதி எத்தனையோ நாள் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறாள். ஜெயமலருக்கு அது தெரியாது.

காணியில் ஒரு ஏக்கருக்கு ஸ்ரோபெரி நட்டார்கள். அந்தப் பயிருக்கு ஒரு பொல்லாத விதி உண்டு. நட்ட வருடம் வருகிற பூவையெல்லாம் கிள்ளி எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் வேர் பலத்து, மறு வருடம் காய்க்கும். குணவதி வரிசை வரிசையாய்க் குந்தியிருந்து, "குறை நினையாதை அம்மா, குறை நினையாதை" என்று ஒவ்வொரு செடியிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் கிள்ளினாள். அன்புராசா அதைப் பார்த்து, "அக்கா, உந்தச் செடியளுக்குத் தமிழ் விளங்காது" என்றான். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே தொண்ணூற்றெட்டு வைகாசியில் வந்த பூதான் கிள்ளாமல் விட்ட முதல் பூ. அந்த வருடம் வெயில் முந்திவிட்டது. மே நடுப்பகுதியிலேயே வயல் வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. வீட்டில் ஆளுக்கு ஆள் வேலை. விண்டருக்காகச் செடிகளை மூடியிருந்து, சித்திரையில் இழுத்தெடுத்த வைக்கோலை வரிசைகளுக்கு நடுவே பரப்பவேண்டும். கோழிக்கூட்டில் நூறு குஞ்சுகள் பல்ப்பு வெளிச்சத்தில் சூடு காய்ந்தன. அவற்றுக்குத் தீனும் தண்ணீரும் மாற்றவேண்டும். மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் ஜன்னலோரத்தில் வரிசையாய்க் காத்திருந்தன. மே இருபத்திநாலுக்கு முன்னால் அவற்றை வெளியே நடக்கூடாது என்பது அலெக்ஸாண்டர் கிழவர் போட்ட சட்டம். இவ்வளவு வெயில் எறிக்கும்போது எதற்குக் காத்திருக்கிறோம் என்று குணவதிக்கு விளங்கவில்லை, என்றாலும் காத்திருந்தாள். இப்போது அவள் கதைத்தாள், வயிறாறச் சாப்பிட்டாள், கோழிக்குஞ்சுகளை அதட்டினாள். சிரிப்பு மட்டும் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை.

ஒரு வியாழன் இரவு உறைபனி விழும் என்று ரேடியோ சொன்னது. குணவதி அதைக் கேட்கவில்லை. அவள் எட்டரைக்கே படுத்துவிட்டாள். அவளுடைய அறை வீட்டின் பின்பக்கம், காணிக் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் அங்கே கேட்காது. விடிய ஐந்தேகாலுக்கு வழக்கம்போல எழும்பி முன்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வயல் முழுக்கக் கண்ணாடி. வரிசைகளுக்கு நடுவே நின்ற குழாய்களெல்லாம் சுழன்று சுழன்று தண்ணீரை வீசிக்கொண்டிருந்தன. இந்தக் குளிருக்குள், ஒருவரும் இல்லாத வயலில், குளத்துத் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதுமட்டுமா? வீசிய தண்ணீரெல்லாம் செடியில் உறைந்து, இலை ஐஸுக்குள், தண்டு ஐஸுக்குள், ஒரு வருடம் காத்திருந்த அந்த முதல் பூக்களும் ஐஸுக்குள். அவளுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. வேலையால் களைத்து வந்த தம்பி தண்ணீரைத் திறந்துவிட்டு நித்திரையாகிவிட்டான். பட்டம் ஏற்றப் போன அதே தம்பிதானே! அவள் இரவு உடுப்போடு குளத்தடிக்கு ஓடினாள். எஞ்சினை நிறுத்தும் இரும்புப் பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. குழாய்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன.

அந்த நிமிடம் அவளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத்தான் வேண்டும். இந்த வீட்டில் இரண்டு வருடமாகத் தின்று உடுத்து இருக்கிறேன், இன்றைக்குத்தான் அவர்களுக்கு ஒரு பெரிய காரியம் செய்தேன் என்று நினைத்தாள். குசினிக்கு வந்து தண்ணீர் கொதிக்க வைத்து மூன்று பேருக்குத் தேநீர் போட்டாள்.

கோழிக்கூட்டிலிருந்து ஜெயமலர் உள்ளே வந்தாள். குளிருக்குள் குஞ்சுகளுக்கு இன்னொரு பல்ப்பு கட்டிவிட்டு வருகிறாள். குணவதி அவளிடம் தேநீரை நீட்டினாள்.

"மச்சாள், ஏன் எஞ்சின் சத்தம் கேக்கேல்லை?"

நான்தான் நிறுத்தினேன் என்று பெருமையாய்ச் சொல்லக் குணவதி வாயெடுத்தாள். அதற்குள் முன்னறைச் சோபாவில் கிடந்த அன்புராசா, சத்தம் நின்றதால் நித்திரை குழம்பி எழுந்து, வாசலில் வந்து நின்றான்.

"ஆர் தண்ணியை நிப்பாட்டினது?"

அது கேள்வி இல்லை, அலறல். ஜெயமலருடைய கண் ஒரு கணம் குணவதியின் காலடிக்குப் போய்வந்தது.

"நான்தான்," என்றாள் ஜெயமலர். "உருகிப்போச்சு எண்டு நினைச்சிட்டன்."

"உமக்கு விசரே? படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டெல்லோ படுத்தனான்! தண்ணி உறையேக்கை வாற சூடுதான் பூவைக் காப்பாத்திறது. வெயில் வந்து கடைசி ஐஸும் உருகுமட்டும் நிப்பாட்டப்படாது எண்டு சொன்னனானோ இல்லையோ?"

அவன் சப்பாத்தைக்கூட ஒழுங்காய் மாட்டாமல் ஓடினான். குணவதி கையில் தேநீரோடு குத்துக்கல்லாய் நின்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை அவளுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

எஞ்சின் திரும்பவும் ஓடியது; ஆனால் நின்ற அரை மணித்தியாலத்தில் குழாய் வாயெல்லாம் உறைந்துவிட்டது. மூன்று பேரும் கேத்தில் கேத்திலாய்க் கொதிதண்ணீர் கொண்டுபோய் ஒவ்வொரு வாயாக ஊற்றி இளக்கினார்கள். பாதிக் குழாய் வேலை செய்யத் தொடங்கும்போதே வெயில் வந்துவிட்டது. பத்து மணிக்கு அலெக்ஸாண்டர் கிழவர் வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பூவைப் பிடுங்கி நகத்தால் பிளந்து பார்த்தார். உயிருள்ள பூவுக்கு உள்ளே பச்சை. செத்த பூவுக்கு நடுவிலே கறுத்த பொட்டு.

"பாதி போய்விட்டது," என்றார் கிழவர். "மொட்டு இன்னும் இருக்கிறது. பிந்தித்தான் வரும், ஆனால் வரும்." அன்புராசாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றிலிருந்து அன்புராசா மனைவியோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். சொல்ல வேண்டியதையெல்லாம் பத்து வயது மகள் மூலம் சொல்லி அனுப்பினான். "அம்மாட்டைச் சொல்லு, வைக்கல் முடிஞ்சுது எண்டு." அம்மா அதே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். "அப்பா, ஷீ இஸ் ரைற் ஹியர்," என்று நிலாணி கண்ணை உருட்டுவாள்.

குணவதிக்கு மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டை. தம்பியின் கோபத்துக்கு அவள் பயப்படவில்லை. அவன் கோபத்தைத் தொட்டிலிலிருந்தே பார்த்தவள். அவள் பயந்தது அவன் கோபிக்காமல் விட்டுவிடுவானே என்றுதான். "பரவாயில்லை அக்கா, நீங்கள் சும்மா உள்ளுக்கு இருங்கோ" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால்? அந்த அறையும் கதவும் அங்கேயேதான் இருந்தன. ஒருநாள் துணிந்து குளத்தடிக்குப் போனாள். அவன் குழாய் பூட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "வீட்டிலை நீங்கள் ஒராளாவது தோட்டம் விளங்கின ஆள் அக்கா" என்றான். வந்த சொல் வந்த வழியே திரும்பி உள்ளே போய்விட்டது.

சொல்ல முடியாததற்கு வேலை செய்தாள். மே இருபத்திநாலு கழிந்ததும் மிளகாயையும் கத்தரியையும் தனியாளாய் நட்டு முடித்தாள். ஸ்ரோபெரி வரிசைகளில் புல் என்று பேர் சொல்ல ஒன்று விடாமல் பிடுங்கினாள். நுளம்பு கடித்துக் கழுத்தெல்லாம் தடித்தது. ஜெயமலர் பின்னேரங்களில் பக்கத்து வரிசையில் வந்து குந்துவாள், வெங்காயத் தாளைக் காட்டி "உது புல்லோ மச்சாள்?" என்று பகிடி விடுவாள், வீட்டு வேலை பார்க்க எழுந்து போவாள். அந்தக் காலையைப் பற்றி ஒரு சாடை கூட இல்லை. அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாமல் எதற்குத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும்? கேட்கவும் குணவதிக்குத் துணிவில்லை.

ஆனி நடுவில், ஒரு சனிக்கிழமை காலை, முதல் பழம் பழுத்தது. நாலாவது வரிசையில், வைக்கோலில் தலை சாய்த்துக்கொண்டு, முழுச் சிவப்பாய் ஒன்று. அன்புராசா அதைக் காம்போடு கிள்ளி எடுத்தான். ஜெயமலர் இரண்டு வரிசைக்கு அப்பால் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளைத் தாண்டி நடந்து வந்து அக்காவின் உள்ளங்கையில் பழத்தை வைத்தான்.

"முதல் பழம் உங்களுக்குத்தான் அக்கா. நீங்கள் பாடுபட்ட தோட்டம்." பிறகு மனைவிக்குக் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினான். "அண்டைக்கு ஒராள் சொன்னதைக் கேட்டிருந்தால் இப்ப வரிசை முழுக்கச் சிவந்திருக்கும்."

ஜெயமலர் நிமிரவில்லை. அவளுடைய கை மட்டும் ஒரு கணம் நின்று, திரும்பவும் புல்லுக்குப் போனது. குணவதி அந்தக் கையைப் பார்த்தாள். சேற்றுக் கை. தன் கதவைத் தட்டிய கை.

"தம்பி," என்றாள். "அண்டைக்குத் தண்ணியை நான்தான் நிப்பாட்டினனான்."

"என்ன?"

"மலர் இல்லை. நான். சும்மா ஓடுது எண்டு நினைச்சு... நான்தான் ராசா."

அன்புராசா வைக்கோலில் அப்படியே குந்திவிட்டான். அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், குளத்தடியைப் பார்த்தான். அவனுடைய கை தன்பாட்டில் போய் இடது காதைத் தடவியது. கனநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"எனக்கெல்லோ மூளை இல்லை," என்றான் கடைசியில். "இந்த வீட்டிலை ஓடுற தண்ணியைக் கண்டால் கை சும்மா இராத ஆள் ஆர் எண்டு எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும். படுக்கப் போக முதல் உங்களை எழுப்பிச் சொல்லியிருக்க வேணும். என்னை விட்டால் மிசின் ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள். நான் உங்கடை நித்திரையைக் குழப்பக்கூடாது எண்டு விட்டனான்." பிறகு ஒரு விரலை நீட்டினான். "வாற வருசம் பனிக்கு எழும்பவேணும், சொல்லிப்போட்டன். தண்ணி உங்கடை பொறுப்பு."

சும்மா இருங்கோ என்று அவன் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒரு மாதம் நித்திரையைத் தொலைத்தவளுக்குக் கண் நிறைந்து, வயலும் வரிசையும் கலங்கிப்போயின.

அன்புராசா எழுந்து மனைவியிடம் போனான். "இஞ்சாரும்..." என்று தொடங்கினான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. யாழ்ப்பாணத்து ஆம்பிளை, மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் நுழைவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை போகவேண்டும். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள் கேத்தில் சத்தம் கேட்டது. கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் போடுகிற முதல் தேநீர்.

குணவதி ஜெயமலருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"உமக்குத் தெரியும் என்ன?"

"உங்கடை செருப்பிலை ஐஸ் ஒட்டியிருந்தது மச்சாள்."

"பேந்து ஏன் பிள்ளை? ஒரு மாசமாய் அவன்ரை கோபத்தைத் தாங்கிக்கொண்டு... ஏன்?"

ஜெயமலர் கையிலிருந்த புல்லின் மண்ணைத் தட்டினாள்.

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்," என்றாள். "தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு. ரெண்டு வருசத்திலை அண்டைக்குத்தான் நான் உங்கடை சிரிப்பைக் கண்டனான். அந்த நேரம் பார்த்து அவர் கத்திக்கொண்டு வாறார். உங்கடை முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வேறை என்ன சொல்லுறது? பூ பேந்தும் பூக்கும்தானே."

வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்கிற பழக்கம் குணவதியின் ஊரில் இல்லை. சொன்னால் பிறத்தியாராய் நினைப்பதாகக் கோபிப்பார்கள். அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். முதல் பழம் அவளுடைய பிடிக்குள் பாதி நசுங்கிப் போயிருந்தது. அதை இரண்டாய்ப் பிய்த்து, பெரிய பாதியை ஜெயமலரின் வாயில் வைத்தாள்.

ஜெயமலர் மென்றாள். முகம் கோணியது.

"சரியான புளி, மச்சாள்."

குணவதி மற்றப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். உண்மையாகவே சரியான புளி. அவள் சிரித்தாள்.